போர்வை இல்லாத சரக்குப் பெட்டி

காட்டுத் தீக்குத் தப்பி ஓடி வந்தவர்களுக்கு ஒதுங்க இடம் கொடுப்பது மனிதர்களிடையே தொன்றுதொட்டு வந்த தர்மமே என்றாலும், அதற்கென்று ஒரு முறையும் ஒரு ஸ்தாபனமும் ஏற்பட்டது வெகு சமீப காலத்தில்தான். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அந்த முறை உருவான வரலாற்றைத் தேடிக்கொண்டு போனால், மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையையும் ஹூரான் ஏரியின் கரையையும் பத்து வருஷ இடைவெளியில் சாம்பலாக்கிய இரண்டு பெருந்தீக்களின் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

1871-ஆம் வருஷம் அக்டோபர் 8-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, சிகாகோ நகரம் எரிந்த கதையை உலகம் அறியும். அதே இரவில், அங்கிருந்து வடக்கே 200 மைலுக்கு அப்பால், விஸ்கான்ஸின் மாகாணத்துப் பெஷ்டிகோ என்னும் மர அறுவை ஊரும் அதைச் சுற்றிய கிராமங்களும் எரிந்து, 1,200-க்குக் குறையாத உயிர்கள் மடிந்ததை அறிந்தவர் சொற்பம். சிகாகோவில் மாண்டவர்கள் சுமார் 300 பேர் என்பதை எண்ணும்போது, சரித்திரத்தின் ஞாபகங்கூடப் பெரிய ஊர்களின் பக்கமே சாய்கிறதே என்று மனம் வருந்துகிறது. மாதக்கணக்கில் மழை காணாத காடு. ரயில் பாதைக்கும் வயலுக்கும் இடம் பண்ணுவதற்காக வெட்டிப் போட்ட மரங்களுக்கு ஆங்காங்கே வைத்த நெருப்பு. ஊருக்குள்ளோ வீடும் நடைபாதையும் பாலமும் மரம், தெருவெல்லாம் மரத்தூள். சூறைக்காற்று எழுந்ததும் ஓரிரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த இரவில் ஜனங்களுக்குக் கிடைத்த புகலிடம் பெஷ்டிகோ ஆறு ஒன்றுதான். கழுத்தளவு ஜலத்தில் இறங்கி, வெளியே தெரிந்த தலை பற்றிக்கொள்ளாமல் இருக்க ஓயாமல் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு மணிக்கணக்காக நின்றவர்களுள் பீட்டர் பெர்னின் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒருவர். 1874-இல் அவர் வெளியிட்ட நினைவுக் குறிப்பில், தீயின் பிரளய ரூபத்தை வர்ணிக்கும் இடங்களைவிட, மறுநாள் காலையைச் சொல்லும் சில வரிகளே என்னை அதிகமாக நிறுத்தி வைத்தன. உடல் விறைத்துக் கரையேறியவர்களுக்கு உண்ண ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் பக்கத்து வயலிலிருந்து முட்டைக்கோஸ்களைக் கொண்டுவந்து, கருகிப்போன மேல் இலைகளை உரித்தெறிந்துவிட்டு, உள்ளே பச்சையாக இருந்த குருத்தை மெல்லிய துண்டுகளாக அரிந்து, தின்ன முடிந்தவர்களுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுத்தார். காட்டுத் தீ முகாமின் முதல் சமையற்காரர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், பெயர் தெரியாத அந்த மனிதரைத்தான் நான் சொல்வேன்.

பிறகு ஒரு கூடாரம் வந்தது; பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காயம்பட்டவர்களுக்கும் என்று அதை அடித்தார்கள். புகையாலும் அனலாலும் கண் தெரியாமல் தவித்த பெர்னின், அதன் ஓரத்தில் போய்ப் படுத்தபோது, கூடாரத்தின் பொறுப்பில் இருந்த ஆள் கடுஞ்சொற்களால் அவரை ஏசினான். அவரும் ஒரு வார்த்தை பேசாமல், துணியின் அடிப்பக்கமாக உருண்டு வெளியே போய்விட்டார். அவனும் பாவம், பெண்களுக்கு இடம் வேண்டுமே என்ற நினைப்பிலேதான் அப்படிச் செய்திருப்பான். ஆனாலும் படுத்திருப்பவருக்கு என்ன என்று ஒரு தரம் குனிந்து கேட்டிருக்கலாம். நிவாரண வேலையின் சரித்திரம் முழுவதுமே, இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்ட சரித்திரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தீக்காயம்பட்டவர்களை ஏற்றுக்கொண்டது சில மைல் தொலைவிலிருந்த மாரினெட் என்ற ஊர்; அங்கே டன்லப் ஹவுஸ் என்ற ஹோட்டலே ஆஸ்பத்திரி ஆயிற்று. தலைநகரான மாடிஸனுக்குச் செய்தி எட்டியதோ 10-ஆம் தேதி. அப்போது கவர்னர் லூஷியஸ் ஃபேர்சைல்டும் மற்ற அதிகாரிகளும் சிகாகோவுக்கு உதவி செய்யப் போயிருந்தார்கள். உத்தரவு கொடுக்க ஆளில்லை. இந்த நிலையில், எந்தப் பதவியும் வகிக்காத, 24 வயதே நிரம்பிய கவர்னரின் மனைவி பிரான்ஸஸ், தாமே பொறுப்பை எடுத்துக்கொண்டு, சிகாகோவுக்கென்று சாமான் ஏற்றி நின்ற ஒரு சரக்குப் பெட்டியைப் பெஷ்டிகோ பக்கம் திருப்பிவிடச் செய்தார். அதோடு நின்றிருந்தாலும் புகழுக்குரிய காரியமே. ஆனால், அந்தப் பெட்டியில் என்னென்ன இருக்கின்றன என்று கவனித்தவருக்கு, அதில் போர்வைகள் இல்லை என்று தெரிந்தது. வீடிழந்தவர்கள் அக்டோபர் மாதத்து வடதேசக் குளிரில் கிடக்கிறார்கள் என்பதை உணர்ந்து, ஊர்ப் பெண்களிடம் சொல்லி அனுப்பி, அவரவர் வீட்டுப் போர்வைகளைத் திரட்டி ஏற்றிய பிறகே வண்டியை அனுப்பினார். இதைப் படிக்கும்போதெல்லாம், திறந்து கிடக்கும் சரக்குப் பெட்டியின் எதிரே நின்று, அதில் இல்லாதது எது என்று யோசிக்கும் அந்த இளம் பெண்ணின் முகத்தைக் கற்பனை செய்துகொள்கிறேன்.

பத்து வருஷங்கள் கழிந்தன. மிச்சிகன் மாகாணத்தின் வரைபடம் கையுறை அணிந்த கையைப் போலிருப்பதால், ஹூரான் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தைக் கட்டைவிரல் பிரதேசம் என்றே அழைப்பார்கள். 1871-இல் அங்கும் தீ பரவியிருந்தது. அப்போது பாதி கருகி நின்ற மரங்களும், மரம் வெட்டுவோர் கழித்துப் போட்ட கிளைகளும் காய்ந்து கிடந்த காட்டில், 1881 செப்டம்பர் 5-ஆம் தேதி மறுபடியும் பெருந்தீ மூண்டது. சுமார் பத்து லட்சம் ஏக்கர் எரிந்தது. 282 பேர் இறந்தார்கள். 14,000-க்கு மேற்பட்டவர்கள் பிறர் உதவியை நம்பி நிற்க நேர்ந்தது. கிழக்கே வெகு தொலைவிலுள்ள நியூ இங்கிலாந்தில் மறுநாள் பகல் முழுவதும் ஆகாயம் மஞ்சளாகி, வீடுகளில் விளக்கேற்ற வேண்டி வந்தது.

அமெரிக்காவின் செஞ்சிலுவைச் சங்கம் தோன்றி அப்போது நான்கு மாதங்கூட நிறையவில்லை. அதை ஸ்தாபித்த கிளாரா பார்ட்டன் அம்மையாருக்கு வயது 59. உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்குத் தொண்டு செய்தவர். நியூயார்க் மாகாணத்து டான்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் கிளை ஏற்பட்டது ஆகஸ்ட் 22-ஆம் தேதி. போர்க்களத்துக்கென்று ஏற்பட்ட ஜெனீவா உடன்படிக்கையில் அமெரிக்கா கையெழுத்துக்கூட இட்டிருக்கவில்லை. அது நடந்தது மறு வருஷத்தில். எனினும் சமாதான காலத்து விபத்துக்களுக்கும் இச்சங்கம் கை கொடுக்க வேண்டும் என்பது அம்மையாரின் திடமான கருத்து. டான்ஸ்வில் ஜனங்கள் 300 டாலர் திரட்டினார்கள். பெண்கள் துணிமணிகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கினார்கள். ராச்செஸ்டர், ஸிரக்யூஸ் ஊர்களின் கிளைகளும் சேர்ந்துகொண்டன. பணமும் பண்டமுமாகச் சேர்ந்தது ஏறத்தாழ 80,000 டாலர்.

தொகையைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. மிச்சிகன் சர்வகலாசாலையில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த ஜூலியன் ஹப்பெல் என்ற மாணவரை, எரிந்த பிரதேசத்துக்கே போய், யாருக்கு என்ன தேவை என்று நேரில் பார்த்து வரும்படி அம்மையார் அனுப்பி வைத்தார். இப்படிப் போய்ப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நியமித்தது சிறிய ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் 1904 வரை, வெள்ளமோ புயலோ பஞ்சமோ, அந்தச் சங்கத்தின் களப் பிரதிநிதியாக முன்னே போய் நின்றவர் இந்த ஹப்பெல்தான். 1884-இல் ஜெனீவாவில் கூடிய செஞ்சிலுவைச் சங்கங்களின் மகாநாடு, சமாதான காலத்து நிவாரணத்தையும் சங்கத்தின் கடமையாக ஏற்றுக்கொண்டது.

அதன் பிறகு முகாம்கள் பெருகின. கட்டில்களும் பதிவேடுகளும் வந்தன. கலிபோர்னியாவில் 2018 நவம்பர் 8-ஆம் தேதி பாரடைஸ் என்ற ஊர் எரிந்து 85 பேர் மாண்டபோது, பக்கத்து நகரமான சிக்கோவின் தேவாலயங்களும் சந்தை மைதானங்களும் புகலிடங்களாயின. ஒரு வால்மார்ட் கடையின் கார் நிறுத்துமிடத்தில், இடமில்லாதவர்கள் கூடாரம் அடித்துத் தங்க, அன்பர்கள் கொண்டுவந்து கொட்டிய பழந்துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. சில முகாம்களில் வாந்தியும் பேதியும் பரவவே, தொண்டர்களுக்குக் கழுவித் துடைக்கும் வேலையே பெரும் வேலையாயிற்று.

அங்கே காணாமற்போனவர்களின் பெயர்களையும் படங்களையும் தாங்கிய தாள்களைப் பலகைகளில் ஒட்டி வைத்திருந்தார்கள். பெஷ்டிகோவில் அடையாளம் சொல்ல ஒருவரும் மிஞ்சாததால், சுமார் 350 பேரை ஒரே குழியில் பெயரில்லாமல் அடக்கம் செய்தார்கள். சிக்கோவிலோ, ஒரு சமயம் ஆயிரத்துக்கு மேல் ஏறியிருந்த காணாமற்போனோர் ஜாபிதாவிலிருந்து, உயிரோடிருப்பதாகத் தெரியவந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்கள். தொண்டர்கள் முகாம் முகாமாகப் போய், கட்டிலில் படுத்திருந்தவர்களிடம் பெயரைக் கேட்டார்கள்.