மூடச் சொன்ன சாலை

அந்தமானில் பாராடாங் தீவுக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது கான்வாய் நேரத்தைத்தான். போர்ட் பிளேரிலிருந்து ஜிர்காடாங் கேட் வரை உங்கள் இஷ்டம். அதற்கப்புறம் போலீஸ் இஷ்டம். ஒரு நாளைக்கு நான்கு தடவைதான் கேட் திறக்கும். ஆறு மணிக் கான்வாயைப் பிடிக்க, இருட்டோடு போய் வண்டியை வரிசையில் போட்டுவிடுவோம். சவாரிகளின் பெயர், ஊர், அடையாள அட்டை எண் எல்லாம் ஃபாரத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். அந்நேரத்துக்கும் டீக்கடையில் வடை சுடச்சுடக் கிடைக்கும்.

கேட் திறந்ததும் சட்டம் தலைகீழ். மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டி வரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். வண்டியை எங்கும் நிறுத்தக்கூடாது, முன்வண்டியை முந்தக்கூடாது, நாற்பதுக்கு மேல் போகக்கூடாது, கேமராவைத் தொடக்கூடாது. வளைவுகளில் யாருக்காவது வாந்தி வந்தால் பிளாஸ்டிக் பைதான் கதி.

இந்தக் காடு ஜாரவாப் பழங்குடிகளுடையது. 1956இல் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே காட்டை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். ஒதுக்கிய காட்டைப் பிளந்துகொண்டு அதே சர்க்கார் ரோடும் போட்டது. ஏடிஆர் என்று நாங்கள் சொல்லும் அந்தமான் ட்ரங்க் ரோடு அப்படி வந்ததுதான். என் சித்தப்பா ராமநாதபுரத்திலிருந்து அந்த வேலைக்கு வந்தவர். புஷ் போலீஸ் துப்பாக்கியோடு காவல் நிற்க, இவர்கள் ஜல்லி கொட்டுவார்களாம். அம்பு பட்டுக் கூலியாட்கள் செத்தார்கள். குண்டு பட்டு ஜாரவாக்களும் செத்தார்கள். முதல் கணக்குத்தான் ஓரளவு ஃபைலில் ஏறியிருக்கும் என்பது என் எண்ணம். சித்தப்பா ஒரு அம்பைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். முனையில் இரும்பு, ஓரம் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கியது. எங்கள் ஆட்களிடமிருந்து போன இரும்புதான் என்பார். உடைந்த கப்பல்களிலிருந்தும் குடியேறிகளின் இடங்களிலிருந்தும் அவர்கள் இரும்பு எடுப்பது பழைய வழக்கம்.

அம்புக்கு நின்ற வேலை மறுபடி நடக்கும், மறுபடி நிற்கும். ஒருவழியாக ரோடு முடிந்து பஸ்ஸும் ஓடிற்று. 1997 கடைசியில் ஜாரவாக்கள் அம்பில்லாமல் கதம்தலாப் பக்கம் வெளியே வரத் தொடங்கினார்கள். 1999இல் அவர்களுக்குள் தட்டம்மை பரவியது. 2011 கணக்கெடுப்பில்கூட மொத்தமே 380 பேர். அத்தனை சிறிய கூட்டத்தில் தட்டம்மை என்றால் என்ன அர்த்தம் என்று டாக்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கோர்ட் கதைக்கு வருகிறேன். தானே நியமித்த சேகர் சிங் கமிஷனின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, ஜாரவா காட்டுக்குள் ஓடும் பகுதியை மூடச் சொல்லி 2002 மே மாதம் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. மூடவில்லை. வடக்கேயுள்ள ரங்கத், மாயாபந்தர், டிக்லிப்பூர் ஜனங்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் காய்கறிக்கும் இந்த ரோட்டை விட்டால் எது என்றது நிர்வாகம். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ராத்திரி வலியெடுத்த பிள்ளைத்தாய்ச்சியைக் கப்பலுக்குக் காத்திரு என்று எவன் சொல்வான்? ஆனால் பாராடாங்கில் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்க வருகிறவருக்கு என்ன அவசரம்? ஊர்க்காரனின் மருத்துவ அவசரத்தைக் காட்டித் திறந்து வைத்த ரோட்டில் டூரிஸ்ட் கார்கள் நிறைந்தன. அதில் ஒன்று என்னுடையது. என் வீட்டுச் சோறு இந்த ரோட்டில்தான். இருந்தாலும் இதைச் சொல்கிறேன்.

2012 ஜனவரியில் ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லி எடுத்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அடுத்த வருஷம் ஜனவரி 21இல் உச்சநீதிமன்றம் டூரிஸ்டுகள் இந்த வழியாகப் போவதை நிறுத்தியது. தடை மார்ச் 5இல் நீங்கிவிட்டது. அந்த ஆறு வாரமும் ஊர்ஜனங்களின் பயணத்துக்குத் தடையில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவரையும் குகை பார்க்கப் போகிறவரையும் பிரிக்க முடியும் என்பது அப்போதே நிரூபணமானது.

பிற்பாடு பாராடாங்குக்கு மாற்றுக் கடல்வழியும் வந்தது. டூரிஸ்டுகளை அதில் ஏற்றிவிட்டு, கான்வாயை ஊர்க்காரர்களுக்கு மட்டும் விடலாம். எங்கள் ஸ்டாண்டில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.