நீலக் கல்நார்: விலை வேறு, மதிப்பு வேறு

பி.காம். படிக்கிறவனுக்குக் கல்லோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒரு பொருளின் விலையும் மதிப்பும் ஒன்றா என்று வகுப்பில் எழுந்த சந்தேகம்தான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது.

ரைபெக்கைட் இரும்புச்சத்து மிகுந்த ஆம்பிபோல் கனிமம். கருநீல நிறம். ஆம்பிபோல்கள் சுமார் 56, 124 டிகிரி கோணங்களில் பிளக்கும். பார்வைக்கு அதேபோல இருக்கும் பைராக்சீனோ ஏறக்குறைய 90 டிகிரியில் பிளக்கும். அடையாளம் காண இது ஒரு நல்ல வழி.

ரைபெக்கைட் நார்நாராக வளர்ந்திருந்தால் அதுதான் குரோசிடோலைட், அதாவது நீலக் கல்நார். எரியாது, அமிலத்தைத் தாங்கும், நூற்கவும் முடியும். நார் எவ்வளவு நீளமோ அவ்வளவு விலை! 1893-ல் தொடங்கப்பட்ட கேப் அஸ்பெஸ்டாஸ் கம்பெனி தென்னாப்பிரிக்காவில் இதை வெட்டி எடுத்தது. பெண்களும் குழந்தைகளும் கல்லைச் சுத்தியலால் தட்டி நாரைப் பிரித்தார்கள்.

1960-ல் வாக்னரும் அவரது சகாக்களும் 33 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நோய் மீசோதீலியோமா, நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய். அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள், பக்கத்தில் குடியிருந்தவர்கள், அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவின் விட்டனூம் நீலக் கல்நார்ச் சுரங்கம் அதற்குப் பிறகும் ஓடியது. 1966-ல் மூடியதற்கு முக்கியக் காரணம் நஷ்டம். 2007-ல் அந்த ஊர், ஊர் என்ற அந்தஸ்தையே இழந்தது.

அந்த லாப நஷ்டக் கணக்கில் தொழிலாளியின் நுரையீரலுக்கு ஒரு வரிகூட இல்லை. செலவை யார் தலையில் எழுதினார்கள் என்று பார்க்காமல் எந்தப் பொருளுக்கும் மதிப்புப் போட முடியாது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?