உடற்பயிற்சியின் அளவு

ஏதென்ஸ் நகரினின்றும் எலூசிஸ் என்னும் தலத்திற்குச் செல்லும் வழியின் வலப்புறத்தே, கெரெனஸ் என்னும் மல்லன் ஒருவனது சமாதி பண்டு இருந்தது. அவன் எகிப்து நாட்டில் யவனர் குடியேறிய நௌக்ராட்டிஸ் நகரத்தான். ஒலிம்பியாப் பெருவிழாவில் மற்போரில் வாகை சூடியவன். மாற்றான் கையால் மடியாது, தன் ஆசிரியன் வகுத்த பயிற்சியினாலேயே மாண்டான். இச்செய்தியை உரைப்பது கி. பி. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளங்கிய பிலாஸ்டிராடஸ் என்பார் இயற்றிய உடற்பயிற்சி நூல். இது நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1858-இல் பாரிஸ் நகரில் அச்சேறிற்று.

அக்காலத்துப் பயிற்றாசிரியர் பலர் நான்கு நாட்களை ஒரு சுற்றாகக் கொண்டனர். முதல் நாள் குறுகி விரைந்த அசைவுகளால் உடலை எழுப்புவர். இரண்டாம் நாள் வலிமை முழுவதையும் செலுத்தச் செய்வர். மூன்றாம் நாள் தளர்த்துவர். நான்காம் நாள் நடுத்தரமாகப் பயிற்றுவர். கடுமையும் இளைப்பாறலும் மாறி மாறி வருதலின், மேலெழுந்தவாறு நோக்குவார்க்கு இது நன்முறையாகவே தோன்றும். ஆயினும் மாறுதல் யாவும் நாட்கணக்கிற் கட்டுண்டு கிடந்தன. பயில்வோன் அன்று எந்நிலையில் உள்ளான் என்னும் வினாவிற்கு அதன்கண் இடமில்லை.

வென்ற மூன்றாம் நாள் கெரெனஸ் நண்பரோடு விருந்துண்டு மதுவருந்தினான். பழகாத உணவினால் உறக்கம் இழந்தான். மறுநாள் பயிற்சிக்களம் புகுந்து, உண்டது செரியவில்லை, உடல் நலமில்லை என்று ஒளியாது உரைத்தான். ஆசிரியன் வெகுண்டான். சுற்று முறிந்ததே என்பது அவன் கவலை! விடாது வருத்தவே, மல்லன் பயிற்சியின்கண்ணேயே உயிர் துறந்தான். மாணவன் வாய் திறவாதிருப்பினும் அவன் நிலையறிந்து பயிற்சியை மாற்றுதல் ஆசிரியன் கடன் என்பது பிலாஸ்டிராடஸ் துணிபு.

இவர்க்கு முற்பட்ட கேலன் என்னும் மருத்துவர், கி. பி. 157 முதல் பெர்கமம் நகரில் வாட்போர் வீரர்க்கு மருத்துவம் செய்தவர். அவர் சிறு பந்தாட்டத்தைப் பற்றித் தனி நூலே இயற்றினார். ஓட்டம் சில உறுப்புக்களையே வருத்தும். பந்தாட்டத்திலோ எல்லா உறுப்புக்களும் கண்ணும் கருத்தும் தொழிற்படும். வேண்டியவாறு கடுமையாகவும் மென்மையாகவும் ஆடலாம். குதிரையும் வலையும் வேட்டைநாயும் வேண்டாமையின் வறியார்க்கும் எளிது.

இனி, ஒருவன் தனக்குரிய அளவை அறிவது எங்ஙனம்? இதற்குத் தெளிந்த விடை ஆயுர்வேத நூல்களில் உளது. சுசுருத சங்கிதை, சிகிச்சைத் தானத்து 24ஆம் அத்தியாயத்தில், எல்லாப் பருவங்களிலும் நாள்தோறும் தன் வலிமையிற் பாதியளவே பயில்க என விதிக்கின்றது. அப்பாதிக்கு அடையாளமும் கூறுகின்றது: நெஞ்சில் நின்ற வாயு வாய்வழிப் புறப்படத் தொடங்குதலாம். நாழிகைக் கணக்கன்றிப் பயில்வோனது மூச்சே ஈண்டு அளவுகோல் ஆயிற்று. இன்று வலி குன்றினான் எனின், அப்பாதியும் தானே குன்றும். வயது, வலிமை, உடல், இடம், காலம், உணவு என்பனவும் நோக்கற்பாலன என்றது அந்நூல்.

பின்வந்த வாக்படர் தமது அட்டாங்க இருதயத்தில், பாதி வலிமையென்பதைக் குளிர்காலத்திற்கும் இளவேனிற்கும், நெய்ப்புடைய உணவு கொள்ளும் வலியார்க்கும் உரித்தாக்கி, ஏனைப் பருவங்களில் அதனினும் குறைக்க என்றார். இது சுசுருதர் கூற்றோடு முரணாதோ எனின், பெரிதும் முரணாது. வெப்பக் காலத்தில் மூச்சு விரைந்து வாய்க்கு வருமாதலின், சுசுருதர் காட்டிய அடையாளமும் முயற்சியைத் தானே குறைத்துவிடும். சிறாரும் முதியோரும் அசீரணமுடையாரும் பயிற்சியை விடல் வேண்டும் எனவும் வாக்படர் உரைத்தார். கெரெனஸ் தன் ஆசிரியனிடம் முறையிட்டதும் அந்த அசீரணத்தையே.