கையளவு இளவரசி

பிள்ளைத்தமிழில் முதல் ஏழு பருவங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பாதை பிரிகிறது. பெண்ணுக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல். ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். இவற்றில் சிற்றில் பருவம் விசித்திரமானது. மணலில் வீடு கட்டி விளையாடுவது சிறுமியர். அதைக் காலால் அழிக்க வருபவன் பாட்டுடைத் தலைவன். ‘அழிக்காதே’ என்ற அவர்களது கெஞ்சல்தான் பாட்டு. கட்டியவர்களின் விளையாட்டு, இடிக்க வந்தவனின் பருவமாகக் கணக்கில் ஏறியது. யார் விளையாடினார்கள் என்பதும் யார் பெயரில் அது எழுதப்பட்டது என்பதும் வேறுவேறு என்று நம் இலக்கணமே ஒப்புக்கொள்கிறது.

படக்கதை, வீடியோ கேம் என்றதும் ‘பசங்க சமாச்சாரம்’ என்கிறோம். ‘பசங்க’ என்பதில் பெண் குழந்தைகளும் உண்டு என்று சமாதானம் சொல்லலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

தமிழர்கள் அதிகம் அறிந்த படக்கதை தினத்தந்தியின் ‘கன்னித்தீவு’. 1960களில் பெயர்பெற்று, அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடிய தொடர் அது. இழுத்துக்கொண்டே போகும் எதையும் ‘கன்னித்தீவு மாதிரி’ என்று சொல்லுமளவுக்குப் பேச்சில் கலந்தது. மந்திரவாதி மூசா அழகிகளைக் கடத்திச் சிறைவைப்பவன். அவன் கண்ணில் பட்ட இளவரசி லைலா கையளவு உருவமாகச் சுருக்கப்படுகிறாள். அவளைச் சுமந்துகொண்டு சிந்துபாத் கடல்களையும் தீவுகளையும் கடக்கிறான். சாகசம் முழுக்க அவனுடையது. அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவது கதையின் இலக்கு. இலக்கை அடைந்தால் கதை தீர்ந்துவிடும். ஒரு பெண் தன் முழு அளவுக்கு வளர்ந்துவிடாமல் இருப்பதுதான் அந்தக் கதையின் எரிபொருள்.

சிவகாசியின் கதை வேறு. 1972இல் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், ‘இரும்புக்கை மாயாவி’யைத் தமிழ்ப் பிள்ளைகளின் வீட்டுப் பெயராக்கியது. அந்த மாயாவியின் பிறப்பிடம் ‘வேலியண்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழ். ஃப்ளீட்வே நிறுவனம் 1962இல் பையன்களுக்கென்றே தொடங்கியது அது. பிரிட்டனில் அப்போது படக்கதைச் சந்தையே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சிறுமிகளுக்கு 1958 முதல் ‘பண்ட்டி’, 1971 முதல் ‘டாமி’ என்று தனி இதழ்கள். பள்ளி, அநாதை விடுதி, குதிரை, பாலே நடனம் என்று பெண்களே நிறைந்த கதைகள். பையன்களின் இதழ்களிலோ பெண்ணைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நமக்குக் கப்பலேறி வந்து நிலைத்த நாயகர்கள் பெரும்பாலும் இரண்டாவது கடையின் சரக்கு. அங்கே பக்கத்திலேயே இன்னொரு கடை இருந்தது. இங்கே அது இல்லை. லண்டனின் விற்பனைத் தந்திரம் ஒன்று தமிழில் உலகத்தின் இயல்பாகத் தோன்றியது இப்படித்தான். சாகசம் என்றால் ஆண்கள் மட்டும் நடமாடும் ஊர் என்று நாங்களும் நம்பினோம்.

அந்த நம்பிக்கையில் 1984இல் ஒரு விரிசல். சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழாக வந்தது ‘கத்தி முனையில் மாடஸ்டி’. பீட்டர் ஓ’டோனல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய, 1963இல் லண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் பிறந்தவள் மாடஸ்டி பிளைசி. 1942இல் வடக்கு ஈரானில் ராணுவப் பணியில் இருந்தபோது கண்ட ஓர் அகதிச் சிறுமிதான் அவளுக்கு விதை என்று ஓ’டோனல் சொல்லியிருக்கிறார். மாடஸ்டிக்கு ஊரில்லை, குடும்பமில்லை, பெயரின் பின்பாதியைக்கூடத் தானே வைத்துக்கொண்டவள். கூட்டாளி வில்லி கார்வின் அவளை ‘இளவரசி’ என்று அழைப்பான். காதலன் அல்ல, அவள் கட்டளைக்குக் கீழ்ப்படியும் தோழன். லைலாவும் இளவரசி, மாடஸ்டியும் இளவரசி. ஒருத்தியைத் தூக்கிச் சுமக்கிறார்கள். மற்றவள் பின்னால் நடக்கிறார்கள்.

மாடஸ்டியைப் பெண்ணியத் தெய்வமாக்க வேண்டியதில்லை. எதிரிகளைத் திகைக்கவைக்க மேலாடையின்றி அறைக்குள் நுழைவதும் அவளுடைய உத்திகளில் ஒன்று. அந்த உத்தி எதிரிகளைவிட வாசகருக்காகவே எழுதப்பட்டது. ஆனாலும் தீர்மானம் எடுக்கும் பெண்ணை ஒரு தமிழ்ப் படக்கதையின் நடுக்கட்டத்தில் பார்த்தது சிறிய விஷயமில்லை. தி. நகரிலும் மயிலாப்பூரிலும் வாடகை நூலகங்கள் செழித்திருந்த காலம் அது. உறுப்பினர் அட்டை அண்ணன் பெயரில் இருக்கும். அவன் படித்து முடித்த பிறகு, திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் உள்ள ஒரு மதியம்தான் தங்கைக்கு. அந்த மதிய வாசிப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

வீடியோ கேம் வந்தபோது பழைய கதையே புதிய பெட்டியில் வந்தது. 1981இன் ‘டாங்கி காங்’கில் குரங்கு தூக்கிச் சென்ற பெண்ணை மீட்க வேண்டும். 1985இன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுக்க இளவரசியைத் தேடும் பயணம். ஒவ்வொரு கோட்டையிலும் அவள் வேறு கோட்டையில் இருப்பதாகச் சொல்வார்கள். சிந்துபாத் அறிந்த பயணம்தான். 1986இல் ‘மெட்ராய்டு’ ஓர் அதிர்ச்சி தந்தது. கவச உடைக்குள் இருந்து இவ்வளவு நேரம் சண்டையிட்டது ஒரு பெண் என்று கடைசியில் தெரியும். எவ்வளவு வேகமாக முடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த உடையில் அவள் தோன்றுவாள். வீராங்கனையே பரிசுப் பொருளாகவும் ஆனாள்.

இதைக் கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதும் வரலாற்றில் இருக்கிறது. அனிதா சர்கீசியன் 2013இல் கேம்களின் பெண் சித்திரிப்பைப் பற்றிய காணொளித் தொடரை, சிறைப்பட்ட இளவரசியிலிருந்தே தொடங்கினார். ஏச்சும் மிரட்டலும் குவிந்தன. 2014 அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசவிருந்தபோது, கூட்டத்தில் சுட்டுத்தள்ளுவதாக மிரட்டல் வந்தது. துப்பாக்கியோடு வருபவர்களை மாநிலச் சட்டப்படி தடுக்க முடியாது என்றதும் அவர் பேச்சை ரத்துசெய்தார். பொழுதுபோக்குதானே என்று சொன்னவர்களே அதற்காகக் கொலைமிரட்டல் விடுக்கவும் தயாரானார்கள். பறிபோவதாக அவர்கள் அஞ்சியது விளையாட்டை அல்ல. அது தங்கள் பெயரில் பதிவாகியிருக்கும் உரிமையை.

சென்னையில் அந்த வன்முறை மென்மையான வடிவம் எடுக்கிறது. நந்தனத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் லயன்-முத்து அரங்கின் முன் நரைத்த தலைகள் கூடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பழைய இதழ்களைக் காப்பாற்றி வைத்தவர்கள் அவர்கள். அந்த உழைப்பு இல்லாமல் இந்த வரலாறே இல்லை. ஆனால் ‘எங்கள் பால்யம்’ என்று அவர்கள் எழுதும்போது அந்த ‘எங்கள்’ யார்? சேகரிப்பதற்குத் தனி அலமாரி வேண்டும், கைக்காசு வேண்டும், கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போகும்போது பெட்டியை எடுத்துச் செல்லும் உரிமை வேண்டும். படித்த பெண்கள் இருந்தார்கள். சேகரிப்பாளராக நீடிக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. ரசிகர் என்ற சொல்லுக்குச் சேகரிப்பைத் தகுதியாக வைத்தால் பெண் ரசிகர் மறைந்துபோவார்.

வரைபவர் மாறினால் கதையும் மாறும். அடையாறை அடுத்த திருவான்மியூரில் இயங்கும் தாரா புக்ஸ் 2011இல் ‘சீதாவின் ராமாயணம்’ என்ற படக்கதையை ஆங்கிலத்தில் வெளியிட்டது. வங்காளத்துப் பட்டுவா மரபின் மொய்னா சித்ரகார் வரைய, சம்ஹிதா ஆர்னி எழுதினார். கதையைச் சொல்பவள் சீதை. நம் மிகப் பழைய ‘கடத்தப்பட்ட இளவரசி’ தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கியதும் போரின் வெற்றி சுருங்கிப்போகிறது. விதவைகளும் காடும் பெரிதாகின்றன.

இனி நமக்கு வேண்டியது வாசித்த பெண்களின் நினைவு. ஐம்பது, அறுபது வயதுப் பெண்களிடம் கேளுங்கள்: எந்தப் படக்கதையை யாருக்குத் தெரியாமல் படித்தீர்கள், எந்த ஆட்டத்தில் அண்ணன் கையிலிருந்த பெட்டி உங்களிடம் வந்தது, எப்போது நிறுத்தினீர்கள், யார் நிறுத்தச் சொன்னார்கள்? பதில்களைத் தேதியோடு எழுதிவையுங்கள்.