நீறும் சுதையும்

நீறு என்னுஞ் சொற்குத் தமிழில் இரு பொருள்கள் உள. திருநீறு ஒன்று, நீற்றிய சுண்ணாம்பு மற்றொன்று. ஆவின் சாணத்தைச் சுட்டுப் பெறுவதும், கிளிஞ்சலைச் சுட்டுப் பெறுவதும் ஒரு பெயராற் குறிக்கப்பட்டமை நோக்கத்தக்கது. தீயிற் போவன போக எஞ்சி நிற்கும் வெண்பொடி என்பதே இரண்டற்கும் பொதுவாய கருத்து. இரசாயனம் அடுப்பிலும் காளவாயிலும் பிறந்த கலை என்பதற்கு இச்சொல் ஒரு சான்றாம்.

செங்கற்பட்டுச் சீமையின் கீழ்கரையிலே அலை ஒதுக்கும் கிளிஞ்சலை எடுத்துக்கொள்வோம். அதனைக் கரியொடு அடுக்கிச் சுட்டால், ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் உள்ளே கட்டுண்ட கரியமிலவாயு நீங்குகின்றது. தூய சுண்ணக்கல் 100 பங்காயின், 44 பங்கு வாயுவாய்ப் போக, 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாய் எஞ்சும். அதன்மேல் நீர் தெளிப்பின் கொதித்துப் பொடிந்து நீறாகும். வெற்றிலையிற் றடவுவதும் இதுவே. மணலொடு குழைத்துச் சுவரிற் பூசுவதும் இதுவே. பூசிய சுதை காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று, மீண்டும் சுண்ணக்கல்லாய் இறுகும். சுடுங்கால் நிறை குறைவது பிணிப்புண்டிருந்த வாயு நீங்குதலானே என்பதனை மேனாட்டில் ஜோசப் பிளாக் என்பார் 1756இல் வெளியிட்ட நூலிற் காட்டினார். நம் கொற்றர் அக்காரணம் அறியாராயினும், கடுக்காய் நீரும் வெல்லமும் கூட்டிக் காரையரைத்துக் காரியம் முற்றுவித்தனர்.

கிளிஞ்சல் நீறாகி, நீறு கல்லாதலைக் காணுஞ் சைவருக்குச் சற்காரியவாதம் நினைவிற்கு வரும். காரியம் காரணத்தின்கண் உள்ளதே. இல்லது தோன்றாது என்பது அது. பொருளின் நிறை மாறாமையை லவாய்சியர் 1789இல் தம் நூலில் எடுத்துரைத்தார். எனினும், அவர் தராசு கொண்டு கண்டதனை நம்மவர் முன்னரே கண்டுவிட்டனர் என்று கூறுதல் மிகையாம். சித்தாந்தம் மாயையினின்று உலகம் தோன்றுமாற்றை ஆராய்ந்தது. அவர் குப்பியினுள் நிகழ்ந்ததனை நிறுத்தார். இரண்டும் ஒத்த நெறியில் எண்ணுவன என்னும் அளவில் அமைதலே நன்று.

இனி, நீற்றறை என்றவுடன் திருநாவுக்கரசு சுவாமிகளை நினையாத சைவர் இலர். சுண்ணாம்பு சுடும் அவ்வறையுள் அவரை ஏழுநாள் அடைத்து வைத்தமையையும், அவர் ஊறின்றி வெளிவந்தமையையும் சேக்கிழார் விரித்தோதினார். அங்ஙனம் செய்வித்துப் பின் சைவஞ் சார்ந்த பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். அவ்வரசன் மண்டகப்பட்டில் வெட்டுவித்த வடமொழிக் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிப் பிரமன், ஈசன், திருமால் ஆகியோர்க்குக் கோயில் எடுத்ததாகக் கூறுகின்றது. நீற்றறையையும் சுதை நீக்கிய கோயிலையும் காரணகாரியமாய்த் தொடுத்தற்குச் சான்றில்லை; ஆயினும் இரண்டும் ஓரரசனோடு சார்த்தியுரைக்கப்படுதல் சிந்தனைக்குரியது.

அதற்கு முன் இக்கரையிற் செங்கற் கோயில்கள் இருந்தன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் முருகன் கோயிலொன்றின் செங்கல் அடித்தளம் அகழ்ந்து காணப்பட்டது. மகேந்திரன் காலத்துக் குடைவரையைச் செங்கற்பட்டுக்கு அணித்தாய வல்லத்திற் காணலாம். அவனுக்குப் பின் இராசசிம்மன் கடற்கரைக் கோயிலைக் கல் அடுக்கி எழுப்பினான். அவனே காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் மணற்கல்லின்மேற் சுதை பூசுவித்தான்.

கல்லும் அழியாப் பொருளன்று. கேளம்பாக்கத்து அளங்களில் நெடுங்காலம் விளைந்த உப்பே, கடற்காற்றொடு வந்து கடற்கரைக் கோயிலின் கல்லிடை நுழைகின்றது. ஈரம் உலருந்தோறும் நுண்டுளைகளில் உப்பு மணியாய் உறைந்து பருத்துக் கல்லின் மேற்புறத்தைப் பொரியச் செய்யும். முகமிழந்து தேய்ந்த சிற்பங்கள் அங்கே பலவுள. தொல்பொருட்டுறையின் இரசாயன அறிஞர் காகிதக் கூழை நீரிற் குழைத்துக் கல்லின்மேல் அப்புவர். உள்ளிருக்கும் உப்பு ஈரத்திற் கரைந்து கூழினுள் ஏறும். உலர்ந்தபின் கூழை உரித்தெடுப்பர். நோயும் மருந்தும் ஒரு கலைக்குள்ளே அடங்கின.

திருப்பணி செய்யும் அன்பர்கள் இதனின்று அறியத்தக்கது ஒன்றுண்டு. 1824இல் உரிமைச்சாசனம் பெற்ற போர்ட்லாண்டு சிமெண்டு விரைவில் இறுகும், வலிமையும் மிக்கது. பழஞ் செங்கற்சுவரின்மேல் அதனைப் பூசினால், உட்புகுந்த ஈரம் எளிதில் வெளியேறாது தங்கும். அதனொடு உப்புந் தங்கும். பூச்சு நிற்க, உள்ளிருக்கும் பழஞ்சுவர் பொடியும். சுதையோ ஈரத்தை வெளிவிடும். சுவர்க்காகத் தான் தேயும். தேய்ந்தவிடத்து மீண்டும் பூசலாம். ஆயிரம் ஆண்டு நின்ற கோயிலை ஒரு திங்களிற் புதுக்கிவிட விரும்பும் அவசரம், அக்கோயிலுக்கே தீங்காய் முடிதல் கூடும்.

நாடோறும் நெற்றியில் நீறணியும் நாம், கோயிற் சுவரில் இருக்கும் நீற்றின் இயல்பையும் அறிந்து பேணுதல் கடன். சுதையரைக்கும் கொற்றர் இன்னும் சிலர் உளர். அவர் கைத்தொழில் மறைவதன்முன் அவரை அழைத்துப் பணி கொள்ளுதலும், இளையோரை அவர்பாற் பயிற்றுதலும் திருத்தொண்டேயாம்.