சாயப்பட்டறைப் புகை பொங்கலூர் போன கதை

நள்ளிரவு தாண்டிய நேரம். திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றின் பாய்லருக்குள் சீமைக்கருவேலங்கட்டை விழுகிறது. பனியன் துணிக்குச் சாயமேற்ற நீராவி வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற கட்டுப்பாடு இறுகியது. சுத்திகரித்து மிஞ்சும் உப்புநீரைச் சுண்டக் காய்ச்சியாக வேண்டும். அதற்கும் நீராவி, அதற்கும் எரிபொருள். நொய்யல் ஆற்றைக் காப்பாற்றக் கொஞ்சம் காற்றைச் செலவழிக்கிறோம். இதைச் சொன்னால் தொழில்காரர்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் கணக்கு அதுதான்.

புகைபோக்கியை விட்டு வெளியேறும்போது பாய்லர் புகை இன்னும் புகைமூட்டம் ஆகவில்லை. கரித்துகள், தார், அரைகுறையாய் எரிந்த கரிமவாயுக்கள், நெருப்பில் பிறந்த நைட்ரிக் ஆக்சைடு, அவ்வளவுதான். ஆடி மாதமாக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எல்லாவற்றையும் கிழக்கே வாரிக்கொண்டு போய்விடும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவது அந்தக் காற்றில்தான். மார்கழியில் அது இல்லை. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று பானை மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். புகை மேலே போக வழியில்லை. வடகிழக்கிலிருந்து மெல்ல வீசும் காற்றோடு பக்கவாட்டில் நகரும்.

திருப்பூருக்குத் தெற்கே கிட்டத்தட்ட 15 கிலோமீட்டரில் பொங்கலூர். தென்னை, விசைத்தறி, கறிக்கோழிப் பண்ணை என்று வாழும் ஊர். போகும் வழியில் புகை பழசாகிறது. அதன் நைட்ரஜன் ஆக்சைடுகளில் ஒரு பங்கு இருட்டிலேயே நைட்ரிக் அமிலமாக மாறுகிறது. கோழி எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்புவது பண்ணைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கண் எரிச்சலே சொல்லும். நகரத்து அமிலமும் கிராமத்து அம்மோனியாவும் விடிகாலைக் குளிரில் சேர்ந்தால் அம்மோனியம் நைட்ரேட் என்ற நுண்துகள் பிறக்கும். எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வராத துகள் இது. சாயப்பட்டறையைக் கேட்டால் தன்னுடையதல்ல என்னும். பண்ணையும் அதையேதான் சொல்லும். இரண்டு பேர் சொல்வதும் பாதி உண்மை.

புகைமூட்டம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி உருவாவதில்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை அமுக்கிய மூட்டம் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்தது. 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள்; பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை போயின. லாஸ் ஏஞ்சல்ஸில் மூட்டம் வேறு மாதிரி இருந்தது. பட்டப்பகலில், வெயிலில் வந்தது. அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர்தான் 1950 வாக்கில் அதன் குட்டை உடைத்தார். நைட்ரஜன் டை ஆக்சைடை வெயில் உடைக்கிறது. பிரிந்த ஆக்சிஜன் அணு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு ஒட்டி ஓசோன் ஆகிறது. பெட்ரோல் ஆவி போன்ற கரிமவாயுக்கள் அந்த ஓசோன் அழியாமல் சேர வழி செய்கின்றன.

கொங்கு நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பிரிண்டிங் பட்டறைகளின் கரைப்பான் ஆவியும் பைக்குகளின் புகையும் திருப்பூரிலேயே சாயப்பட்டறைப் புகையோடு கலந்திருக்கின்றன. வழியில் திருச்சி சாலை லாரிகள் தங்கள் பங்கையும் சேர்க்கும். இதில் ஒரு விபரீதம் உண்டு. நெரிசலான நகரத்தில் புதிதாக வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடும். நகரம் தாண்டிய காற்றில் அதைத் தின்ன ஆளில்லை. அதனால் சாயப்பட்டறைத் தெருவைவிடத் தென்னந்தோப்பில் ஓசோன் கூடுதலாக இருக்க முடியும். காலை பத்து மணி வாக்கில் அந்த வெதுவெதுப்பான காற்று மூடி விலகி வானம் தெளிந்துவிடும். பிற்பகல் ஓசோனோ கண்ணுக்குத் தெரியாது.

கடைசி இடம் நெஞ்சு. பஞ்சுத் தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தறிக்காரர் இருமித் துப்பிவிடுவார். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள், தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராதது, நுரையீரலின் காற்றுப்பைவரை இறங்கும். அதில் மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் எல்லாவற்றுக்கும் இதோடு தொடர்பு உண்டு. ஓசோன் மூச்சுக்குழாயின் உட்சுவரை அழற்றும்; இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது போதும். வெளிக்காற்று மாசைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் அறிவித்தது. இந்த நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியாவின் வரம்பு 40.

புகைபோக்கி வாயில் மட்டும் அளந்து, வழியில் பிறந்ததை எவர் கணக்கிலும் எழுதாமல் விடுவது நியாயமில்லை. அதை அரசு பார்க்கட்டும். நாம் இன்றைக்கே செய்ய ஒன்று உண்டு. பாலியஸ்டர், லைக்ரா கலந்த கட்டிங் வேஸ்ட்டைப் பொழுது சாய்ந்ததும் ரோட்டோரம் குவித்துத் தீ வைக்காதீர்கள். மார்கழி இரவில் அந்தப் புகை எங்கும் போகாது. விடியும்வரை உங்கள் தெருவில்தான் கிடக்கும்.