கோல்கியைக் காணோம்!

செல்லுக்குள் (கைபேசி இல்லீங்க, உடம்புல இருக்கற செல்) ஒரு தபால் ஆபீஸ் இருக்கிறது. பேரு கோல்கி. 1898-ல் இத்தாலியின் கமில்லோ கோல்கி பார்த்துச் சொன்னார். 'அதெல்லாம் வெறும் சாயக்கறை' என்று பலர் நம்பவில்லை. 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது.

அந்த ஆபீஸையே மாயமாக்கிய ஒரு பூஞ்சைச் சரக்கின் கதைதான் இது.

1958-ல் பென்சிலியம் வகைப் பூஞ்சை ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பிற்பாடு பிரெஃபெல்டின் ஏ என்று பெயர் வந்தது. வைரஸ், புற்றுநோய் செல் எல்லாவற்றையும் ஆய்வகத்தில் மடக்கியது. மருந்தாகும்னு ஆசைப்பட்டாங்க. ஆகலை.

1986-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் கல்லீரல் செல்களில் இதைப் போட்டுப் பார்த்தார்கள். உள்ளே புரதம் தயாராகிறது, ஆனா வெளியே போகாமல் தேங்கி நிக்குது! 1989-ல் அமெரிக்காவில் ஜெனிஃபர் லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸ் குழு பார்த்தபோது இன்னும் பெரிய அதிர்ச்சி. சில நிமிடங்களில் கோல்கியின் புரதங்கள், தாங்கள் பிறந்த எண்டோபிளாச வலைக்கே திரும்பிவிட்டன. மருந்தைக் கழுவினால் கோல்கி மறுபடி ஆஜர்.

எப்படி? சரக்கு ஏற்றும் சிறு பைகளுக்கு உறை மாட்டுவதை ஆரம்பித்து வைப்பது ஆர்ஃப்-1 என்ற புரதம். அது தானாக முழித்துக்கொள்ளாது, எழுப்பிவிட ஒரு உதவியாளர் வேணும். பிரெஃபெல்டின் அந்த எழுப்பும் வேலையைத்தான் தடுக்கிறது என்று 1992-ல் இரண்டு குழுக்கள் சொல்லின. ஒன்று ஜேம்ஸ் ராத்மனுடையது (2013-ல் நோபல் வாங்கியவர்). 2003-ல் படிக அமைப்பு படமே கிடைத்தது. கை குலுக்கும் ரெண்டு பேரின் உள்ளங்கைகளுக்கு நடுவில் கோந்து வைத்த மாதிரி, உதவியாளரும் தூங்கும் ஆர்ஃபும் ஒட்டியபடியே மாட்டிக்கொள்கிறார்கள். ஆர்ஃபைத் தனியாகத் தொடவே இல்லை, ஆனாலும் அது முடங்கிப் போச்சு.

இதில் எனக்குப் பிடித்தது என்னன்னா, கோல்கி ஒரு நிலையான கட்டடம் என்ற எண்ணமே ஆட்டம் கண்டது. அது வாரச்சந்தை மாதிரி. வண்டி வரத்து நின்னா சந்தையே இல்லை.

மருந்துக்கடைக்குப் போகாத பிரெஃபெல்டின் இன்று எதிர்ப்புச் சக்தி ஆய்வகங்களில் அன்றாடச் சரக்கு. செல் வெளியே அனுப்பும் சேதிப் புரதங்களை உள்ளேயே மடக்கி அளக்க உதவுகிறது. எந்தக் குணத்தால் செல்லை முடக்கியதோ, அதே குணம்தான் அதுக்கு வேலை வாங்கிக் கொடுத்துச்சு!